ஐந்துக்கு ஐந்து எடுத்த ஆஸ்பத்திரி

ஹந்தானை விசேட வைத்தியசாலையில் பல கோடி பெறுமதியான மெஷின் ஒன்று எட்டு மாதமாகக் குளிரூட்டிய அறைக்குள் சும்மா கிடந்தது. பழுதாகிக் கிடக்கவில்லை. பழுதாகியிருந்தால் யாராவது திருத்தியிருப்பார்கள். அதைத் திறந்து வைக்க அமைச்சர் வரவில்லை, அவ்வளவுதான். வாசலில் சிவப்பு நாடா கட்டியிருந்தது. பக்கச் சுவரில் நினைவுக்கல் பதித்து, அதை மஞ்சள் திரையால் மூடியிருந்தார்கள். கல்லில் ஓர் அமைச்சரின் பெயரை வெட்டி முடிப்பதற்குள் அமைச்சு வேறொருவர் கைக்குப் போய்விடும். இப்போது சுவரில் இருப்பது மூன்றாவது கல். முதலிரண்டும் வீண்போகவில்லை, ஆஸ்பத்திரிச் சமையலறையில் தேங்காய் உடைக்க உதவுகின்றன என்று கேள்வி.

அந்த ஆஸ்பத்திரி வாசலில் பல வருஷமாக ஆட்டோ ஓட்டியவர் அழகையா. ஊர் தெல்தோட்டை. கண்டிப் பக்கத்தில் எந்தச் சந்தில் எந்தக் குழி என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. வாய் ஒரு நிமிஷம் ஓயாது. நோயாளியை ஏற்றிவந்து வாசலில் இறக்கும்போது, "ஒண்ணும் ஆகாதுங்க, தைரியமா போயிட்டு வாங்க" என்று சொல்லாமல் விடமாட்டார். அவருடைய கழுத்திலேயே ஒரு நாள் கட்டி புறப்பட்டபோது, அதைச் சொல்லி அனுப்ப வாசலில் ஆள் இல்லை.

கட்டியை முதலில் கண்டது மனைவி சந்திரிகாதான். தையற்கடையில் வேலை செய்பவள். சட்டைக் கழுத்து இறுகுவதைப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, உடம்பு இளைக்குது, கழுத்து மட்டும் பெருக்குது?" என்றாள். அடுத்த வாரமே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள். அன்றைக்கு அழகையா தெல்தோட்டை வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் ஆட்டோ ஓட்டினார். சந்திரிகாவுக்கு நோயைவிட அந்த மௌனம்தான் பயமாக இருந்தது.

வைத்தியம் பார்த்தவர் டொக்டர் கமலாசனி. யாழ்ப்பாணத்துக்காரர். அந்தப் புது மெஷின் எடுக்கும் படங்களைப் பார்க்கவென்றே வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். பேச்சில் சுற்றி வளைக்கிற வேலையே கிடையாது. இரண்டு சுற்று மருந்து ஏற்றி, கட்டி கொஞ்சம் வற்றியதும் அழகையாவையும் சந்திரிகாவையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"இஞ்ச பாருங்கோ அழகையா. கட்டி சின்னனாகியிருக்குது. ஆனா மிச்சம் இருக்கிறது உயிரோட இருக்கோ, செத்துப்போன தழும்போ எண்டு சாதாரண படத்தில தெரியாது. அதுக்குத்தான் அந்தப் புது மெஷின். ஒரு விதமான சீனி மருந்தை ஊசியால ஏத்துவம். புற்றுநோய் வருத்தம் இருக்கிற இடம் சீனியை இழுக்கும். இழுத்த இடம் படத்தில பளிச்செண்டு எரியும்."

"எறும்பு மாதிரிங்களா டொக்டரம்மா? சீனி டப்பாவத் தேடி ஓடுமே."

"ஓம், எறும்புதான். எங்கயெங்க எவ்வளவு எரியுது எண்டு பாத்து, ஒண்டிலயிருந்து அஞ்சு வரைக்கும் புள்ளி போடுவம். ஒண்டுமே எரியேல்லை எண்டா ஒண்டு. உங்கட ஈரலை விடக் கனக்க எரிஞ்சா அஞ்சு."

"அப்ப அஞ்சு எடுக்கணும்ங்கிறீங்க."

"ஐயோ, இல்லை! இது பள்ளிக்கூடச் சோதினை இல்லை. ஒண்டுதான் நல்லது. ஒண்டு வந்தா இப்ப ஏத்துற லேசான மருந்தையே இன்னும் கொஞ்ச நாள் ஏத்திப்போட்டு வீட்டை போகலாம். அஞ்செண்டா வருத்தம் மருந்துக்கு மசியேல்லை எண்டு அர்த்தம். பிறகு கொழும்பில மாசக்கணக்கா ஆஸ்பத்திரி வாட்டில கிடந்து கடும் மருந்து ஏத்த வேணும். அது நெஞ்சையும் தாக்கும், கைகாலையும் விறைக்கப்பண்ணும். ஆட்டோ ஓட்டுறதை மறக்க வேண்டியதுதான். அடுத்த சுற்று மருந்துக்கு முன்னம் படம் எடுத்தாத்தான் இதைச் சரியாத் தீர்மானிக்கலாம்."

அன்றிலிருந்து அழகையா ஒன்றுக்காக நேர்ந்துகொண்டார். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் நூறு வேண்டும் என்று கேட்டுத் தொல்லை பண்ணும் கதிர்காமக் கந்தனிடம், "சாமி, எனக்கு ஒண்ணே ஒண்ணு போட்டுக் குடுத்துரு" என்று கேட்டவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

சாமி என்ன நினைத்ததோ தெரியாது. ஆஸ்பத்திரிப் பணிப்பாளர் டொக்டர் அம்பிகைபாகன், திறந்து வைக்காத மெஷினைத் தொட முடியாது என்றார். அவரும் ஒரு காலத்தில் நோயாளிகளைத் தொட்டுப் பார்த்தவர்தான். பதவி உயர உயர நோயாளிகள் தூரமாகி, இப்போது கத்தரிக்கோல், நாடா, மாலை ஆகியவற்றை மட்டுமே தொடுகிறார். கமலாசனி அவருடைய அறைக்குப் போய் நின்றபோது அவர் நினைவுக்கல்லின் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, பேர் வைக்க முன்னம் ஒரு குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பேலுமோ? நாடா வெட்டாத மெஷின் மெஷினே இல்லை."

"சேர், இந்த மெஷினுக்குக் காத்திருந்து ரெண்டு பேர் செத்தும் போச்சினம்."

"அதைப்பற்றி யோசியாதையும். திறப்பு விழாவுக்கு முன்னம் செத்தவை எங்கட புள்ளிவிவரத்தில வரமாட்டினம்."

கமலாசனி திரும்பி வந்துவிட்டார். ஆனால் அழகையாவுக்கு எங்கேயோ கொஞ்சம் புண்ணியம் மிச்சமிருந்திருக்க வேண்டும். அந்த வாரமே அமைச்சர் நாள் குறித்துவிட்டார். அடுத்த சுற்று மருந்துக்கு முதல் நாள்.

உடனே ஒரு குழு கூடியது. அதன் வேலை, விழாவுக்கு ஏற்ற முதல் நோயாளியைத் தெரிவு செய்வது. வந்தவர்களில் ஒருவர் இருமினார், நீக்கிவிட்டார்கள். இன்னொருவர் நடக்கவே சிரமப்பட்டார், அவரையும் நீக்கினார்கள். மூன்றாவது ஆள் மிகவும் ஆரோக்கியமாகத் தெரிந்ததால், மெஷின் தேவையா என்ற சந்தேகம் பொதுமக்களுக்கு வந்துவிடும் என்று குழு அஞ்சியது. அழகையா உள்ளே வந்து ஒரு கும்பிடு போட்டுச் சிரித்தார்.

"இவர் பொருத்தம்" என்றார் பணிப்பாளர். "பாத்தா இரக்கமும் வருது, நம்பிக்கையும் வருது. ஆனா மொட்டை கமராவில மினுங்குமே."

மருந்தில் கொட்டிய முடிக்கு அழகையா என்ன செய்வார்? தாதிமாரின் புத்தாண்டு நாடகத்தில் ராஜா போட்ட பொய்முடி அலுமாரியில் இருந்தது. அதைக் கொண்டுவந்து மாட்டினார்கள். தோள் வரைக்கும் சுருள் சுருளாகத் தொங்கியது. சந்திரிகா பார்த்துவிட்டு, பல நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே அழகையா அதைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

நிகழ்ச்சி நிரல் இரண்டு பக்கம். மேளம், குத்துவிளக்கு, தேசிய கீதம், பாடசாலைப் பாண்ட் வாத்தியம், வரவேற்புரை, அமைச்சருரை, நாடா வெட்டுதல், முதல் நோயாளிக்கு அமைச்சர் தம் திருக்கரத்தால் பாற்சோறு ஊட்டுதல். கமலாசனி அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"சேர், இந்தப் படத்துக்கு வெறும் வயிறாத்தான் வர வேணும். பாற்சோறு தின்னக் குடுத்தா சீனி முழுக்கத் தசைக்குள்ள போயிடும். படம் பழுது."

பணிப்பாளர் நிரலை மேலிருந்து கீழ்வரை கவனமாக வாசித்தார். "பிள்ளை, பாற்சோறு நிகழ்ச்சி நிரலில இருக்குது. படம் நிகழ்ச்சி நிரலில இல்லை."

விழா நாள் விடிந்தது. முதல் நாள் இரவிலிருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் தொடாத அழகையா, பட்டுச் சால்வையும் பொய்முடியுமாக மேடையோரம் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். கொழும்பிலிருந்து ஊசி மருந்து ஈயப் பெட்டிக்குள் வந்து இறங்கியது. பாண்ட் வாத்தியக்காரர்கள் அமைச்சர்தான் வந்துவிட்டார் என்று வாசித்துவிட்டார்கள். வாசித்ததை வீணாக்கக் கூடாதென்று பணிப்பாளர் பெட்டிக்கு மாலை போட்டு மேடையில் வைத்தார்.

அந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டு. வைத்திருக்க வைத்திருக்கத் தேய்ந்துகொண்டே போகும். இரண்டு மணித்தியாலம் ஆவதற்குள் பாதிதான் மிஞ்சும், பிறகு அந்தப் பாதியில் பாதி. மெஷினை இயக்கும் றலியா மடவளையிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்தவள். கடிகாரத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுபவேளை வந்தது, போனது. அமைச்சரைக் காணோம். கடுகண்ணாவையில் ஒரு பஸ் தரிப்பிடத்தைத் திறக்கிறாராம்.

றலியா பணிப்பாளரிடம் ஓடினாள். "சேர், மருந்து பாதியாப் பெய்த்து!"

"மிச்சப் பாதி இருக்குதெல்லோ?"

"அதும் போய்க்கொண்டீக்கிது சேர்."

"அமைச்சரும் வந்துகொண்டிருக்கிறார். ரெண்டும் எங்கயாவது சந்திக்கும்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த கமலாசனி ஒரு முடிவுக்கு வந்தார். பணிப்பாளர் அமைச்சருக்கான மாலையோடு வெளிவாசலுக்கு நடந்ததும், பெட்டிக்குள் இருந்த மருந்தை றலியா எடுத்தாள். மாலையும் வெற்றுப் பெட்டியும் மேடையிலேயே மரியாதையாக இருந்தன. அழகையாவையும் சந்திரிகாவையும் கூட்டிக்கொண்டு இருவரும் மெஷின் அறை வாசலுக்கு வந்தார்கள். நாடா குறுக்கே கிடந்தது. அழகையா தயங்கினார்.

"டொக்டரம்மா, குனிஞ்சு போனா வெட்டுன கணக்கில வராதுங்களே?"

"வராது. குனியுங்கோ."

சந்திரிகா வெளியே காவலுக்கு நின்றாள். உள்ளே ஊசி ஏறியது. இருட்டறையில் ஒரு கட்டிலில் படுக்க வைத்து, ஒரு மணித்தியாலம் அசையக் கூடாது, பேசக் கூடாது என்றாள் றலியா.

"பேசினா என்னாகும் மிஸ்?"

"பேசினா தொண்டைத் தசைக்குச் சீனி பெய்த்திடும். அங்கயும் எரியும். பேசாம இரிங்க நானா, அல்லாஹ் காவல்" என்றாள், அண்ணனிடம் சொல்வது போல.

அழகையாவின் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய தண்டனை வந்ததில்லை. வெளியே ஒலிபெருக்கியில் யாரோ "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று கத்திக்கொண்டே இருந்தார்கள், பதில் சொல்லாமல் கிடக்க வேண்டியிருந்தது. இரத்தத்தில் சீனி ஓடுவது தெரிவது போல இருந்தது. கழுத்தே தின்னாதே, நெஞ்சே தின்னாதே, ஒருத்தரும் வாய் வைக்காதீர்கள் என்று உள்ளே இருந்த ஒவ்வோர் உறுப்பையும் கெஞ்சினார். சந்திரிகாவைத் தனியே விட்டுவிட்டுக் கொழும்பில் மாதக்கணக்காகக் கிடப்பதை நினைத்தபோது கண் கலங்கியது. அழுதால் கண்ணுக்கும் சீனி போய்விடுமோ என்று அதையும் அடக்கிக்கொண்டார்.

படம் எடுத்து முடிந்து, அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளி அறைக்கு வந்தபோது கமலாசனி திரைக்கு முன்னால் குனிந்திருந்தார். அழகையா சட்டைப் பொத்தானைப் பூட்டாமலே நின்றார்.

"தலை எரியுது" என்றார் கமலாசனி.

"ஐயோ!"

"அது எல்லாருக்கும் எரியும், மூளை சீனி தின்னும். மூத்திரப்பையும் எரியும், அதுவும் வழமை. கழுத்தில..." படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கழுத்தில இருட்டு. நெஞ்சில இருட்டு. கக்கத்தில இருட்டு. அழகையா, ஒண்டு! உங்களுக்கு ஒண்டு!"

அழகையா நாடாவுக்கு அப்பால் நின்ற சந்திரிகாவைப் பார்த்து ஒற்றை விரலை உயர்த்தினார். அவள் அப்படியே கதிரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான். கமலாசனி மட்டும் ஒரு எச்சரிக்கை சொன்னார். பொழுதுபடும் வரைக்கும் அவருடைய உடம்பில் கதிர்வீச்சு இருக்கும், சின்னப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் கிட்டே போகக் கூடாது.

அமைச்சர் வந்தார். பூச்செண்டு கொடுக்க நின்ற பிள்ளைகளைக் கமலாசனி தூர அனுப்பிவிட்டதால், பணிப்பாளரே பூச்செண்டைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் போலக் குனிந்து கொடுத்தார். அமைச்சர் சிங்களத்தில் பேசினார். பணிப்பாளர் வரிக்கு வரி தமிழில் சொன்னார்.

"இந்த மெஷின் எட்டு மாதம் ஒருவரையும் தொடாமல் காத்திருந்தது. ஏன்? என்மேல் கொண்ட பக்தியினால். அந்தப் பக்தி என் கண்களைக் குளமாக்குகிறது. நோயாளிகளும் காத்திருந்தார்கள். சிலர் அவசரப்பட்டு இறந்துவிட்டார்கள். அவர்களுடைய பொறுமையின்மையை நான் மன்னிக்கிறேன். இந்த மெஷின் உடம்புக்குள் ஒளிந்திருக்கும் நோயைக் காட்டுமாம். என் ஆட்சியில் ஒளிவு மறைவுக்கு இடமில்லை. ஆகவே இதன் செலவு எவ்வளவு என்று யாரும் கேட்க வேண்டாம்."

கைதட்டல் ஓய்ந்ததும் நாடாவை வெட்டினார். பிறகு பாற்சோறு. முதல் வாய் ஊட்டும்போது தொலைக்காட்சிக்காரர் வெளிச்சம் போதாது என்றார். இரண்டாவது வாய்க்குப் பணிப்பாளரின் தலை மறைத்துவிட்டது. மூன்றாவது வாய்க்கு அழகையாவே வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு நாள் பசி, அதோடு ஒன்று வாங்கிய சந்தோஷம். இன்னும் கொஞ்சம் கருப்பட்டி வைத்திருக்கலாம் என்றும் தோன்றியது. அமைச்சர் அவரை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார். கமராக்கள் போதும் என்று சொல்லும் வரைக்கும் விடவில்லை. றலியாவின் கையில் இருந்த கதிர்வீச்சு அளக்கும் கருவி விடாமல் கத்தியது. அமைச்சர் அதையும் பாண்ட் வாத்தியத்தில் சேர்த்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

கூட்டம் மெஷின் அறை வாசல் வரைக்கும் நெருக்கியடிக்க, பொய்முடியோடு அழகையாவை மெஷினில் படுக்க வைத்தார்கள். பலகை ஒரு தரம் உள்ளே போய் வெளியே வந்தது.

"எங்கே படம்?" என்றார் அமைச்சர்.

 றலியா பயத்தில் காலையில் எடுத்த படத்தைத் திரையில் போட்டாள்.

"எத்தனை புள்ளி?"

கமலாசனி சந்தோஷமாகச் சொன்னார். "ஐந்தில் ஒன்று, சேர்."

அமைச்சரின் முகம் இருண்டது. "ஐந்துக்கு ஒன்றா? இத்தனை கோடி கொட்டி மெஷின் வாங்கி, என் கையால் மூன்று தரம் பாற்சோறு ஊட்டிய ஆளுக்கு ஒன்றா? என் மகன்கூடக் கணக்கில் இதைவிடக் கூட எடுப்பான்!"

"சேர், இது அப்படியில்லை, ஒண்டுதான்..." என்று கமலாசனி தொடங்குவதற்குள் பணிப்பாளர் மேளக்காரர்களுக்குக் கை காட்டிவிட்டார். மேளச் சத்தத்தில் அவருடைய விளக்கம் அடிபட்டுப் போனது. பணிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"கௌரவ அமைச்சர் அவர்களே, அது ஆரம்ப மதிப்பீடு மாத்திரமே. எமது வைத்தியசாலையில் மீள்திருத்தம் செய்யும் வசதியும் உண்டு. மீள்திருத்தத்தின் பின்னர் எமது முதல் நோயாளி பெற்றுக்கொண்ட புள்ளி... ஐந்துக்கு ஐந்து!"

அறையும் வாசலும் அதிர்ந்தன. ஆஸ்பத்திரி ஆட்களில் கைதட்டாமல் நின்றவர்கள் இரண்டே பேர், கமலாசனியும் றலியாவும். கூட்டத்தின் பின்னால் சந்திரிகா, "ஐயையோ, வேணாம்!" என்று கத்தினாள். அழகையா பலகையில் எழுந்து உட்கார்ந்தார். பொய்முடி கழன்று தரையில் விழுந்தது.

"ஐயா, எனக்கு அஞ்சு வேணாங்க! அந்த ஒண்ணு போதுங்க!"

பணிப்பாளர் மொழிபெயர்த்ததும் அமைச்சர் நெகிழ்ந்துபோனார். "பார்த்தீர்களா? இதுதான் நம் ஏழை மக்களின் தன்னடக்கம்!"

விழாவோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். முடியவில்லை. ஐந்து கணினியில் ஏறிவிட்டது. ஐந்தைக் கண்டதும் மருந்தறை லேசான மருந்தை நிறுத்திவிட்டது. கொழும்பில் அழகையாவுக்குக் கட்டில் ஒதுக்கியாகிவிட்டது என்று செய்தி வந்தது. கமலாசனி ஆட்சேபித்து எழுதினார். பதில் உடனே கிடைத்தது. காலையில் எடுத்த படம் திறப்பு விழாவுக்கு முன்னர் எடுக்கப்பட்டது, ஆகவே அது படமாகாது. திறப்பு விழாவுக்குப் பின்னர் படம் எடுக்கப்படவில்லை, ஆனாலும் புள்ளி வழங்கப்பட்டிருக்கிறது, ஆகவே அதுவே செல்லும்.

உண்மையான படம் சட்டவிரோதம், சட்டபூர்வமான புள்ளி பொய். இரண்டுக்கும் நடுவே அழகையாவின் நெஞ்சும் கைகாலும் மாட்டிக்கொண்டன.

கமலாசனி சண்டை பிடித்து ஒரு மேன்முறையீட்டுக் கூட்டத்துக்கு வழி பண்ணினார். நீள மேசையின் தலைமாட்டில் பணிப்பாளர், இரண்டு பக்கமும் குழு உறுப்பினர்கள். அழகையாவும் சந்திரிகாவும் எதிரே நின்றார்கள்.

"இஞ்ச பாரும் அழகையா" என்றார் பணிப்பாளர். "இந்த நாட்டில புள்ளியைக் கூட்டச் சொல்லித்தான் எல்லாரும் மேன்முறையீடு செய்யிறவை. குறைக்கச் சொல்லி வந்த முதல் ஆள் நீர்தான். அதுக்கு எங்களிட்டை ஒழுங்குவிதி இல்லை."

"சேர், இவருக்கு வருத்தம் எரியேல்லை" என்றார் கமலாசனி. "படம் இருக்குது, நீங்களே பாருங்கோ."

"நான் பாத்தா அது செல்லாத படம் எண்டு தெரிஞ்சுகொண்டு பாத்ததா ஆகிவிடும். ஐந்தை ஒண்டாக் குறைச்சா அமைச்சர் என்ன நினைப்பார்? தன்னை அவமதிச்சதா நினையாரோ?"

சந்திரிகாவுக்குப் பொறுக்கவில்லை. "இல்லாத நோய்க்கு மருந்து குடுத்து என் புருஷன் கையையும் காலையும் முடமாக்கப் போறீங்களா?"

"அம்மா, மருந்து முழுக்க இலவசம்" என்றார் பணிப்பாளர், கொஞ்சம் மனம் புண்பட்டவராக.

சந்திரிகா மேசையோரத்தைப் பிடித்துக்கொண்டாள். அழகையா அவளைப் பார்த்தார். இவ்வளவு காலம் வாசலில் நின்று எத்தனையோ பேருக்குத் தைரியம் சொன்ன வாய், இன்றைக்கு வேலை செய்யாவிட்டால் எதற்கு என்று தோன்றியது. சவாரிக்காரரிடம் பேசுவது போலக் குழைந்து, கையைக் கட்டிக்கொண்டு பேசத் தொடங்கினார்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. இந்த மெஷின வாங்கிக் குடுத்தது யாருங்க?"

"கௌரவ அமைச்சர்."

"தொறந்து வச்சது?"

"கௌரவ அமைச்சர்."

"பாற்சோறு ஊட்டுனது?"

"கௌரவ அமைச்சர்தான். ஏன் கேக்கிறீர்?"

"அப்ப அந்த அஞ்சு யாருக்குங்க சேரணும்? நான் என்னாத்த செஞ்சேன், சும்மா படுத்துக் கெடந்தேன். அவரு பாடுபட்டு எடுத்த மார்க்க நான் தூக்கிட்டு வீட்டுக்குப் போனா அது திருட்டுங்க. எனக்குத் தூக்கம் வரல ஐயா. அந்த அஞ்ச அவருக்கே குடுத்துருங்க. எனக்கு ஒண்ணு போதும்."

 பணிப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. இந்த யோசனை தனக்கு முதலிலேயே வந்திருக்க வேண்டும் என்ற வருத்தம் மட்டும் கொஞ்சம் தெரிந்தது.

"நியாயம்" என்றார். "மிகப் பெரிய அநியாயம் ஒண்டு நடந்திருக்குது. அமைச்சருக்குரிய புள்ளியை நாங்கள் ஒரு நோயாளிக்குக் குடுத்துப்போட்டம்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஐந்துக்கு ஐந்து அமைச்சரின் பெயருக்கு மாற்றப்படும். நோயாளிக்கு, அவருடைய தகுதிக்கேற்ப, ஒன்று. வைத்தியசாலையின் முத்திரையோடு, மருந்துக்குப் பின் எடுத்த மெஷின் படத்தில் ஐந்துக்கு ஐந்து என்று அமைச்சரின் பெயரில் சான்றிதழ் அச்சடித்து, பொன்னிறச் சட்டம் போட்டு, முன்மண்டபத்தில் மாட்டுவது. படம் பார்த்த வைத்தியரின் கையெழுத்து அதற்கு அவசியம் என்று பணிப்பாளர் தயக்கத்தோடு கமலாசனியைப் பார்த்தார். எதிர்த்துப் பேசுவார் என்று நினைத்தார் போல.

"ஓம், தாங்கோ சேர்" என்றார் கமலாசனி. "இதில நான் கட்டாயம் வைக்கிறன்."

லேசான மருந்தின் மிச்சச் சுற்றுகள் முடிந்தன. அழகையாவின் தலையில் முடி முளைத்தது, முன்பைவிடச் சுருளாக. பொய்முடியிலிருந்து தொற்றிக்கொண்டது என்று சந்திரிகா இன்றைக்கும் சொல்கிறாள். அவர் பழையபடி வாசலில் ஆட்டோவை நிறுத்திக்கொண்டு, இறங்குகிறவர்களுக்கெல்லாம், "ஒண்ணும் ஆகாதுங்க" என்கிறார். இப்போது, "ஒண்ணே ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்றும் சேர்த்துக்கொள்கிறார். புரியாமல் போகிறவர்கள் வரும்போது புரிந்துகொண்டு வருகிறார்கள்.

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு பெரிய புற்றுநோய் டொக்டர் பாடம் நடத்த வந்திருந்தார். கண்டி ரயில் நிலையத்திலிருந்து அவரை ஏற்றிவந்தது அழகையாதான். பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே முன்மண்டபத்துக்குள் போனார். பணிப்பாளர் வணக்கம் சொல்லி வரவேற்றார். வந்தவரின் கண் நேரே பொன்னிறச் சட்டத்துக்குப் போனது. கிட்டப் போய் வாசித்தார். இன்னொரு தரம் வாசித்தார்.

"மருந்து குடுத்துப் பாத்தப்புறமும் அஞ்சா?" என்றார், குரலைத் தாழ்த்தி. "பாவம். ஆள் இப்ப எப்படி இருக்காரு?"

"அவருக்கென்ன!" என்றார் பணிப்பாளர் பெருமையோடு. "நல்லா இருக்கிறார். முந்தி எங்கட அமைச்சு மட்டும்தான். இப்ப கல்வியையும் அவரிட்டையே குடுத்திருக்கினம். போக்குவரத்தும் போகும் போல கிடக்குது."

வந்தவர் சட்டத்தை நிமிர்ந்து பார்த்துத் தலையை மெதுவாக ஆட்டினார்.

"அப்ப பரவிடுச்சு" என்றார்.

பணிப்பாளர் நன்றி சொன்னார். அழகையா பையைக் கீழே வைத்துவிட்டு, சிரிப்பு வெடிப்பதற்குள் வெளியே ஓடிப் போய் ஆட்டோவைக் கிளப்பினார்.